பளபளப்பாக்க மறுத்த பட்டறை

என் மாமனார் சைகோனில் சுங்க இலாகா எழுத்தராக இருந்தவர். 1955இல் புதுச்சேரிக்குத் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாய்வு நாற்காலி, மூன்று வாள்களோடு வந்து இறங்கினார். பெட்டி நாத்தனார் வீட்டுக்குப் போனது, நாற்காலி கொழுந்தனார் வீட்டுக்குப் போனது. வாள்கள் என் தலையில் விழுந்தன. வாள் விஷயத்தில் இப்படி எழுதவே கொஞ்சம் பயமாக இருக்கிறது. முப்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கத்தி எனக்குப் பழகிய பொருள். துருதான் பழகவில்லை. இந்த ஊரில் துருவுக்கும் ரேஷன் கார்டில் பெயர் உண்டு. கடற்காற்றில் பீரோ கைப்பிடியே உப்புக் கரிக்கும்.

முதல் முறை ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒன்று மலாய்க்காரர்களின் கிரிஸ். பாம்பு நெளிவதுபோல் ஒன்பது வளைவுகள். அந்த வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மடித்து மடித்து அடிப்பதால் அலகில் மேகம்போல ஒரு வரி ஓடும். அதைப் 'பாமோர்' என்பார்கள். ஜாவாவில் சுரகர்த்தா அரண்மனைக்காக, பிரம்பனான் பக்கம் விழுந்த விண்கல்லின் இரும்பைக்கூடச் சேர்த்து அடித்திருக்கிறார்கள். இந்தோனேசியக் கிரிஸை யுனெஸ்கோ 2008இல் மனிதகுல மரபுப் பட்டியலில் ஏற்றியது. இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. தெரியாத காலத்தில், பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் "சுத்தம் செய்து கொடுங்கள்" என்று நீட்டிவிட்டேன். மறுநாள் மெஷினில் தேய்த்து, புது எவர்சில்வர் கரண்டி மாதிரி கொடுத்தார்கள். மேகம் போயே போய்விட்டது. கேட்டால், "பாருங்கள், முகம் தெரிகிறது!" என்றார் கடைக்காரர். என் முகத்தைப் பார்க்க வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

அதனால் முத்தியால்பேட்டையில் உள்ள இந்தப் பட்டறைக்குப் போனபோது பாதி மனதோடுதான் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. பழைய பூட்டு, கடிகாரம், குத்துவிளக்கு பழுதுபார்க்கும் இடம். வாளும் பார்ப்பார் என்று எங்கள் தெருத் தச்சர் சொன்னார். பஸ்ஸில் வாளோடு ஏற முடியுமா? மூன்றையும் வேட்டியில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் வழி முழுக்க என்னை மிக மரியாதையாக நடத்தினார்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். முதலில் கையைக் கழுவித் துடைத்தார், பிறகு பருத்திக் கையுறை போட்டுக்கொண்டார். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சைகோன் வாளை உருவினார். வியட்நாமில் ஹுவே அரசவை அதிகாரிகள் இடையில் அணிந்த வகை அது: பிரெஞ்சுப் பட்டாள வாள்போல வளைந்த கைகாப்பு, எலும்புப் பிடி, செம்மரம்போன்ற உறையில் முத்துச்சிப்பி பதித்த கொடியும் பூவும். அலகின் அடியில் வரிசையாக மூன்று வட்டத் துருக்கள், ஒவ்வொன்றும் எட்டணா அளவு. ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஆயுத பூஜைத் துரு அம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. "சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறீர்கள். ஈரச் சந்தனம் காய்கிறவரை இரும்பு சும்மா இருக்குமா? பொட்டு வைத்த இடத்தில் மட்டும்தான் தின்றிருக்கிறது." என் மாமியார் வருஷம் தவறாமல் வைத்த பொட்டு. அதற்குமேல் தேங்காயெண்ணெய் வேறு. அது நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்குமாம்; தையல் மெஷின் எண்ணெய் போதும் என்றார்.

வேலை நடந்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சிவப்புத் துருவை மட்டும்தான் தொட்டார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்து, மறுநாள் மூங்கில் சிம்பால் சுரண்டினார். காயத்தில் பக்கு எடுக்கிற பக்குவம். கறுப்பாக இறுகிப்போனதை விட்டுவிட்டார். "கறுப்பு தூங்குகிறது, எழுப்ப வேண்டாம்" என்றார். வட்டங்களின் பள்ளம் இன்றும் தெரிகிறது. தேய்த்துச் சமன் செய்யலாமே என்று கேட்டதற்கு முடியாது என்று தலையாட்டினார். கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு.

மூன்றாவது, பர்மாவின் 'தா' வாள். அந்த வகைக்குக் கைகாப்பே இருக்காது. பிடிக்குள் போகும் காம்பும் குட்டை. அதைப் பிடித்து நிறுத்துவது பிசின்தான். கத்திரி வெயிலில் அது இளகி, பிடி ஆடிக்கொண்டிருந்தது. அரக்கை உருக்கி ஊற்றிச் சரிசெய்துவிட்டார். அரை மணி நேர வேலை.

கிரிஸைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. வரி இரும்புக்குள்ளேதான் இருக்கிறது, முழுக்கப் போகவில்லை என்றார். ஜாவாவில் 'வாரங்கான்' என்ற பாஷாணக் கல்லை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தடவி வரியை வெளியே கொண்டுவருவார்கள். "அது விஷம். கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது. நான் செய்யமாட்டேன்." எண்ணெய் மட்டும் தடவித் திருப்பிக் கொடுத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பத்து நாள் என்றார், ஏழு வாரம் ஆனது. நடுவில் மழை வந்தது என்பது உண்மைதான், ஆனால் போனையாவது எடுத்திருக்கலாம். ரசீது கொடுக்கும் பழக்கமே இல்லை. நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எனக்கு உண்மையில் கோபம் வந்தது முத்துச்சிப்பி விஷயத்தில். உறையில் கழன்றிருந்த இரண்டு இதழ்களை, உடனே ஒட்டும் பசையால் ஒட்டிவிட்டார். சுற்றிலும் மரத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இரும்பில் அவ்வளவு நிதானம் காட்டியவர் மரத்தில் ஏன் அவசரப்பட்டார்? சொன்னதும் முகம் சுருங்கி, துடைத்து எடுக்கப் பார்த்தார், முழுதாகப் போகவில்லை. உறைவேலைக்கு இவரிடம் போகாதீர்கள்.

மொத்தம் 4,800 ரூபாய். முன்பு கரண்டியாக்கியவர்கள் ஒரு வாளுக்கே 2,000 வாங்கினார்கள். போகும்போது, அலகை உறைக்குள் வைக்காதீர்கள், மரம் ஈரத்தைப் பிடிக்கும் என்று எச்சரித்தார். இப்போது மூன்றும் பருத்தித் துணியில் தனியாக, சிலிக்கா ஜெல் பையோடு பீரோவில் இருக்கின்றன. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்திக்கொள்கிறேன். பாரிஸில் இருக்கும் கொழுந்தனார் மகன் சைகோன் வாளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நூறு ஆண்டு கடந்த பழம்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது என்று சொல்லியாயிற்று. சாய்வு நாற்காலியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அது வேண்டாமாம்.

பட்டறைக்குப் போகிறவர்கள் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள். மதியம் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிவிடுவார், தட்டினாலும் எழமாட்டார். கையுறை இல்லாமல் வாளை எடுத்து நீட்டினால் திட்டு நிச்சயம்.