வேக்குவம் கேஜ் வாங்கினேன், கார்புரேட்டர் தப்பித்தது

வண்டி எம்ஜி மிட்ஜெட், 1275 சிசி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ரீபோர், புது பிஸ்டன், ரிங், வால்வு, கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு) எல்லாம் போட்டு இன்ஜினைக் கட்டி முடித்தபோது முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. புது கேம் என்பதால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்க விடாமல் 20 நிமிடம் ஓட விட்டேன். கொஞ்ச தூரம் ஓட்டியபின் சிலிண்டர் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன், அதற்கப்புறம்தான் தொல்லை. காலையில் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது, சூடேறியதும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) மிஸ்ஸிங், சைலன்சரில் டொப் டொப் என்று சத்தம்.

இரட்டை எஸ்யு கார்புரேட்டர் உள்ள வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் கை முதலில் அங்கேதான் போகும். மிக்ஸ்சர் நட்டை ஏற்றி இறக்கி, இரண்டையும் பேலன்ஸ் செய்து, கண்டென்சர் மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்தில் வைத்து, பிளக்குகளைத் துடைத்து மூன்று வாரம் போனது. கம்ப்ரஷன் கேஜும் வைத்துப் பார்த்தேன், நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் காட்டின. வால்வில் கோளாறே இல்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். சோம்பேறித்தனத்தில் குளிர்ந்த இன்ஜினில் சோதித்ததுதான் தப்பு, சூடு பண்ணிவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் இந்த வேக்குவம் கேஜ் வந்தது, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவை அளக்கும் கருவி. ஒரு பக்கம் 0 முதல் 30 அங்குலம் (பாதரச அளவில்) வரை வேக்குவம், மறுபக்கம் பெட்ரோல் பம்ப் சோதிக்க 10 பிஎஸ்ஐ வரை அழுத்தம் காட்டும் சாதாரண வகை. டயல் பெரியது, எழுத்து தெளிவு, அதில் குறையில்லை. கூட வரும் தாளில் முள் எப்படி அசைந்தால் என்ன கோளாறு என்று எட்டு குட்டிப் படம் இருக்கிறது, பூதக்கண்ணாடி உங்கள் செலவு. எங்கே மாட்டுவது என்று மட்டும் அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. நான் முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன பைப்பைக் கழற்றி அங்கே மாட்டினேன், முள் அசையவே இல்லை, கேஜ் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியில் கூட வைத்துவிட்டேன். கார்புரேட்டரில் அந்தத் துளை த்ராட்டில் தட்டின் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) விளிம்பில் இருப்பதால் ஐட்லிங்கில் அங்கே வேக்குவம் வராது. கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டிலேயே எடுக்க வேண்டும். அதைக் கழற்றி மேஜையில் வைத்துத் துளை போட்டு, மரை வெட்டி, நிப்பிள் மாட்டினேன். இன்ஜினிலேயே வைத்துத் துளைத்தால் அலுமினியத் தூள் நேராகப் புது பிஸ்டன் மேல் போய் உட்காரும்.

சரி, முள் என்ன சொன்னது? கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை ஆடாமல் நிற்கும் (ஆயிரம் அடி உயரத்துக்கு சுமார் ஓர் அங்குலம் குறையும்). என்னுடையது 13. அதிலும் சீரான தாளத்தில் ஒரு வெட்டு, சட்டென்று கீழே விழுந்து திரும்பும்.

13-க்குக் காரணம் காற்றுக் கசிவு. ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினால் ஓர் இடத்தில் உஸ்ஸென்று கேட்டது. இந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டின் விளிம்பையும் ஒரே தடித்த வாஷர்தான் சேர்த்து அழுத்துகிறது. எக்ஸாஸ்ட் விளிம்பு கொஞ்சம் தடிமன், வாஷர் அதன்மேல் சாய்ந்துகொண்டு இன்லெட்டைத் தொடவே இல்லை. நட்டு மட்டும் நன்றாக இறுகியிருந்தது! அரம் வைத்துச் சமன் செய்து புது கேஸ்கெட் போட்டதும் 18 வந்தது.

வெட்டு மட்டும் போகவில்லை, 15-க்கு விழுந்து விழுந்து எழுந்தது. அது ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்பதன் அடையாளம். ஒவ்வொரு பிளக்காக நிறுத்திப் பார்த்ததில் மூன்றாம் சிலிண்டரை நிறுத்தினால் மட்டும் இன்ஜின் வேகம் பெரிதாக இறங்கவில்லை. வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் மேலுள்ள கவரைத் திறந்தேன். குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சந்து), மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வான ஐந்தாம் வால்வில் ஃபீலர் கேஜின் 0.004 தாளைக்கூட உள்ளே விடவில்லை. சந்து இல்லையென்றால் சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாது. பக்கத்து நான்காம் வால்வும் இறுக்கம்தான். இரண்டும் நடு எக்ஸாஸ்ட் வழியைப் பகிர்ந்துகொள்பவை, ஹெட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அது. ஹெட்டை மறுபடி இறுக்கும்போது கேஸ்கெட் அமர்ந்து இடைவெளி குறையும், ராக்கர் தாங்கிகளும் ஹெட் ஸ்டட்டில்தான் நிற்கின்றன, அதனால் டேப்பட்டைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். வைக்காமல் விட்டது நான்தான், கார்புரேட்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை. ஒன்பது கணக்கில் (திறந்திருக்கும் வால்வும் வைக்கும் வால்வும் கூட்டினால் ஒன்பது: நான்காவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஐந்தாவது, எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவது) எட்டு வால்வின் இடைவெளியையும் வைத்து முடித்ததும் முள் 19-இல் நின்றது.

கேஜின் குறைகள்: கூட வரும் ஹோஸ் குட்டை, பானட்டுக்குள் தலையை விட்டபடிதான் பார்க்க முடியும், இரண்டாம் நாளே நுனி வெடித்தது. பிளாஸ்டிக்கில் வரும் T வடிவ இணைப்பை நம்ப வேண்டாம். முள் படபடப்பைத் தணிக்க உள்ளே ஏற்பாடு எதுவும் இல்லை, ஹோஸில் கிளிப் போட்டு லேசாக நெரிக்கலாம், ரொம்ப நெரித்தால் அந்த வெட்டும் சேர்ந்து மறைந்துவிடும். ஹோஸை மாற்றிவிட்டேன், கேஜ் கருவிப் பெட்டியின் மேல்தட்டுக்கு வந்துவிட்டது. ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று, எங்கே மாட்டுவது என்று சொல்லாத தாளுக்கு.