பள்ளி நூலகப் புத்தகம்: பிள்ளைக்கா, வீட்டுக்கா, ஊருக்கா?

பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பது, வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுப்பது, ஊரில் யார் வந்தாலும் கொடுப்பது: பள்ளி நூலகத்துக்கு இருக்கும் வழிகள் இந்த மூன்றுதான். நாங்கள் பரிந்துரைப்பது நடுவில் உள்ளதை.

பிள்ளைகளுக்கு மட்டும் என்பது பாதுகாப்பாகத் தோன்றும். நடைமுறையில் பீரோ பூட்டியே கிடக்கும். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிதான் படிக்கும். இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் தன் கைக்காசு போகுமே என்று பொறுப்பாசிரியர் பயப்படுவதுதான் காரணம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), வழங்கும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஆண்டில் 5 தொலைவதை இயல்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கின்றன. ஆனால் அதற்கு அலட்சியமோ நேர்மையின்மையோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலுக்கும் அரிய நூலுக்கும் விசாரணை உண்டு. மாநிலப் பள்ளிகளை அந்த விதி கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழு அதையே அளவாக வைத்துத் தீர்மானம் போட்டால் பீரோ திறக்கும். அக்குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்பதால் பொறுப்பும் அவர்களுடையதாகிறது.

வீட்டாருக்குக் கொடுப்பது எளிது. பிள்ளையின் எண்ணிலேயே இரண்டாவதாக ஒரு புத்தகம், 14 நாள் தவணை, வழங்கல் பதிவேட்டில் 'வீட்டுக்கு' என்று தனிப் பத்தி. வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் 20 நிமிடம் போதும். செட்டிநாட்டில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்க, அப்பத்தாவிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. அதனால் அட்டையில் 'பெற்றோர்' என்று போடாமல் 'உடனிருக்கும் பெரியவர்' என்று போடுங்கள். அவருக்காகப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் குறைந்தது பத்து வேண்டும்.

சிக்கல் ஆண்டு முடிவில் வரும். புத்தகம் திரும்பவில்லை என்று டி.சி.யை நிறுத்தி வைப்பது தவறு. எட்டாம் வகுப்பு வரை உடனே கொடுக்கச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டம். மார்ச் நடுவிலேயே வழங்கலை நிறுத்தி, திரும்பப் பெறத் தொடங்குங்கள்.

ஊருக்கே திறப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஊருக்குப் புத்தகம் கொடுக்கும் கடமை அரசின் கிளை நூலகத்துடையது. வகுப்பு நடக்கும்போது வெளியாட்கள் வளாகத்துக்குள் வருவதும் சரியில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்தவர் புத்தகத்தோடு சென்னைக்குப் போய்விட்டால் யார் துரத்துவது? பக்கத்தில் கிளை நூலகமே இல்லாத ஊரென்றால் சனிக்கிழமை மட்டும், தனி வாசல், தனிப் பதிவேடு, புத்தக விலைக்குச் சமமான காப்புத்தொகை என்று வைத்துத் திறக்கலாம். அங்கேயே உட்கார்ந்து படிப்பவருக்குக் காப்புத்தொகை வேண்டாம்.

ஒன்றை மட்டும் எந்த வழியிலும் வெளியே விடாதீர்கள். பெரிய வீடுகளைக் காலிசெய்யும்போது பள்ளிக்கு வரும் பழைய புத்தகக் கட்டுகள்தாம் அவை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் சேர்த்த பழைய நூல்கள்தாம் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. தொட்டால் உதிரும் தாளுக்குத் திருப்பித்தர வேண்டிய நாளைக் குறிக்கும் தேதிச்சீட்டு ஒட்டாமல், பட்டியல் மட்டும் எழுதி, அப்படிப்பட்ட நூலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.