பழுதுபட்ட குழுவைச் சீராக்கும் ஆறு மாத வழிகாட்டல் சேவை: பயன்படுத்திய ஒரு பொறுப்பாளரின் மதிப்பீடு

நான் பொறுப்பில் இருக்கும் குழுவில் 11 பேர் இருக்கிறோம். ஒவ்வொருவரும் தத்தம் வேலையில் தேர்ந்தவர்கள். ஆயினும் சென்ற ஆண்டு முழுவதும் நாங்கள் சேர்ந்து இயங்கவே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் தலையசைப்பார்கள், கூட்டம் கலைந்த பிறகு உண்மையான விவாதம் இருவர் மூவராக வேறிடத்தில் நடக்கும். அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருந்த இருவர், மேலதிகாரிகளுக்கும் நகல் போகும்படியான மின்னஞ்சல்களில் மட்டுமே பேசிக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் நான்கு பேர் விலகியபோது, ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை நேர்ந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் இந்தச் சேவையை அமர்த்தினோம்.

முதல் மாதத்தில் அவர்கள் எந்தப் பயிற்சியும் நடத்தவில்லை. இரண்டு பயிற்றுநர்கள் எங்கள் ஒவ்வொருவருடனும் தனித்தனியே முக்கால் மணி நேரம் பேசினார்கள்; பிறகு மூன்று வாராந்தரக் கூட்டங்களில் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். மாத இறுதியில் என்னை மட்டும் அழைத்து இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். கூட்ட நேரத்தில் பாதிக்கு மேல் நானே பேசியிருக்கிறேன் என்பது ஒன்று. கெட்ட செய்தி வரும் ஒவ்வொரு முறையும் என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி “யார் செய்தது?” என்பதாகவே இருந்தது என்பது மற்றொன்று. இவ்வளவு நேராக, ஆனால் குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல் எவரும் என்னிடம் பேசியதில்லை. சேவைக்குக் கொடுத்த தொகையின் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டதாக இன்றும் கருதுகிறேன்.

இதையொட்டி அவர்கள் விளக்கிய ஓர் ஆய்வு என் பார்வையை மாற்றியது. 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; ஆனால் அந்தக் குழுக்களிலேயே பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்த நிலைக்கு உளவியல் பாதுகாப்பு என்ற பெயரை நிலைபெறச் செய்தது. எங்கள் குழுவில் புகார்களே வராததை நான் அதுவரை நல்ல அடையாளமாக எண்ணியிருந்தேன்.

இரண்டாம் மாதம் முதல் வாரக் கூட்டத்தின் வடிவம் மாறியது. ஒவ்வொருவரும் தம் பணியின் நிலையைப் பச்சை (சரியாகப் போகிறது), மஞ்சள் (கவனம் தேவை), சிவப்பு (சிக்கல்) என்று குறித்து வர வேண்டும். இதன் முன்னோடியாக ஃபோர்டு நிறுவனத்தை எடுத்துக்காட்டினார்கள்: 2006-இல் 1,200 கோடி டாலருக்கும் மேல் இழப்பைச் சந்தித்த அந்த நிறுவனத்தில், புதிதாகத் தலைமையேற்ற ஆலன் முலாலியின் கூட்டங்களில் தொடக்கத்தில் எல்லாமே பச்சையாக இருந்ததும், உயரதிகாரிகளில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸ் முதன்முறையாகச் சிவப்பைக் காட்டியபோது முலாலி கைதட்டியதும் பலரும் அறிந்தவை. எங்களிடமும் மூன்று வாரங்கள் பச்சையாகவே கழிந்தன. நான்காம் வாரம், குழுவிலேயே வயதில் இளைய பெண் ஒருவர், வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய பணி பத்து நாள் தாமதமாகும் என்று சிவப்பிட்டு வந்தார். வழக்கமான கேள்வியை விழுங்கிக்கொண்டு, “என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டேன். சிறிது நேர மௌனத்துக்குப் பின், அதே சிக்கலைத் தாம் ஒரு மாதத்துக்கு முன்பே கண்டதாகவும், சொல்லத் துணியவில்லை என்றும் மூத்தவர் ஒருவர் கூறினார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு மாதத் தாமதத்துக்கு நானும் பொறுப்பு என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

சேவையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லோரையும் ஓர் ஆளுமை வினாத்தாளை நிரப்பச் செய்து வகை பிரித்தது வீண்வேலை மட்டுமல்ல, தீங்கும் ஆனது: “அவர் அந்த வகை, அப்படித்தான் பேசுவார்” என்று ஒருவர்மீது ஒருவர் முத்திரை குத்தத் தொடங்கினார்கள். அதே வினாத்தாளை மீண்டும் நிரப்பியபோது மூவருக்கு வேறு வகை வந்தது. அரை நாள் விளையாட்டுப் பயிற்சி மகிழ்ச்சி தந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, நேரத்தை அவர்கள் பங்கிட்ட விதம். குழுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாக்மன், ஒரு குழுவின் வெற்றியில் ஏறத்தாழ 60 சதவீதம் அதன் அடிப்படை அமைப்பாலும், 30 சதவீதம் தொடக்கத்தில் அது இயக்கிவைக்கப்படும் விதத்தாலும், 10 சதவீதம் மட்டுமே பிற்காலப் பயிற்சியாலும் தீர்மானிக்கப்படுகின்றன என்று மதிப்பிட்டார். எந்த முடிவை யார் எடுப்பது, எவரைக் கலந்து எடுப்பது என்ற அட்டவணையை வகுக்க அவர்கள் இரண்டே அமர்வுகள் ஒதுக்கினார்கள். எங்கள் பூசல்களில் பெரும்பாலானவை அந்த அட்டவணையாலேயே தணிந்தன; மின்னஞ்சலில் மோதிக்கொண்ட இருவரும் ஒரே வேலைக்குத் தாமே பொறுப்பு என்று எண்ணியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய ஆலை, 1984-இல் டொயோட்டாவின் நிர்வாக முறையோடு, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களைக் கொண்டே திறக்கப்பட்டுத் தரத்தில் உயர்ந்ததையும் அவர்களே எங்களுக்குச் சொன்னார்கள். வேலையின் அமைப்பு மாறினால் அதே மனிதர்கள் வேறு விதமாக உழைப்பார்கள் என்று கற்பிப்பவர்கள், அந்த அமைப்புக்கு ஐந்தாறு அமர்வுகளாவது கொடுத்திருக்க வேண்டும்.

சகாக்களை இழிவாகப் பேசும் வழக்கமுள்ள ஒருவர் எங்களிடையே இருந்தார். புதிய நடைமுறைகள் அவரைத் தாமாகவே திருத்திவிடும் என்று பயிற்றுநர்கள் பொறுத்திருந்ததும், அவர்களை நம்பி நானும் ஐந்தாம் மாதம் வரை பேசாதிருந்ததும் தவறு. அதன் பிறகு அந்த உரையாடலுக்கு அவர்கள் தந்த ஒத்திகை உண்மையிலேயே உதவியது: நடந்த நிகழ்வு, அதனால் விளைந்த பாதிப்பு, எதிர்பார்க்கும் மாற்றம், மீண்டும் பார்க்கும் நாள் ஆகியவற்றை மட்டும் பேசி, அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் முடித்தேன். கூட்டங்களில் அவர் மாறிவிட்டார். மின்னஞ்சல்களில் இன்னும் முழுமையாக மாறவில்லை.

தாமே முதலில் அளக்கப்பட ஒப்புக்கொள்ளும் பொறுப்பாளருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழுவை மட்டும் பழுதுபார்த்துத் தரச் சொல்பவர்கள் இதை அமர்த்த வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். ஆளுமை வினாத்தாளை நீக்கி, அந்த நேரத்தை முடிவு அட்டவணைக்குக் கொடுத்தால் நான்கரை தருவேன். சேவை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று சிவப்புகள் வருகின்றன, அவை வருவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்று அவர்கள் கேட்டபோது மறுத்துவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வந்து கூட்டத்தில் நான் எவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று மட்டும் குறித்துத் தருமாறு கேட்டிருக்கிறேன்.