கோட்டாவா, கம்ப்யூட்டரா, பனியன் கம்பெனியா?

காங்கயம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மகள் பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை. “ஏனுங் தம்பி, புள்ளைய கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிக்க வெக்கறதா, கம்ப்யூட்டர் கிளாசுக்கு அனுப்பறதா? இல்லீன்னா எங்க சொந்தத்துல ஒருத்தரு திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறாரு, அங்க சேத்தி உட்டர்லாமுங்களா?”

மாதத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள். மூன்றிலும் கால் வைத்துப் பார்த்தவன் என்று என் பெயர் அடிபட்டுவிட்டது. எனக்கும் பார்வை கிடையாது. திருப்பூரில் இரண்டு வருடம் பேக்கிங், அப்புறம் மூன்று வருடம் பரீட்சை பரீட்சை என்று வீட்டில், இப்போது ஆறு வருடமாகக் கோவையில் கம்ப்யூட்டர் வேலை. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோட்டாவை முதலில் பார்த்துவிடலாம், ஊரே அதைத்தான் கேட்கிறது. “உனக்கென்ன கண்ணு, கோட்டா இருக்குது” என்று சொல்லாத அத்தை மாமா எனக்கு இல்லை. இருப்பது உண்மைதான். 1995 சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு, 2016 சட்டத்தில் 4 ஆனது. ஆனால் கூடிய அந்த ஒன்று நம் பக்கம் வரவில்லை. பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் சேர்த்து அன்றைக்கும் 1, இன்றைக்கும் 1. நூறு இடத்துக்கு ஒரு இடம். 40 சதவீதம் பாதிப்பு என்று சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டுப் புத்தகத்தைப் படித்துக்கொள்கிறவரும், வெளிச்சம் இருட்டே தெரியாத நானும் அந்த ஒரு இடத்துக்கு ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

வேலை கிடைத்துவிட்டால் அதை அடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குறைபாட்டைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்க முடியாது, அதே சட்டத்தில் இருக்கிறது. உச்சிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் பெனோ செஃபைன் 2015இல் வெளியுறவுப் பணிக்குப் போனார். மதுரையின் பூரணசுந்தரி 2019 குடிமைப் பணித் தேர்வில் 286ஆவது ரேங்க் எடுத்தார். பார்வை இல்லை என்பதற்காக நீதிபதி வேலைக்கு வரக்கூடாது என்று தடுக்க முடியாதென உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. அப்புறம் நம் ஊர் விஷயம் ஒன்று: வரன் பார்க்கிறபோது ‘கவர்மெண்ட்’ என்ற ஒரு சொல்லுக்கு இருக்கும் எடை என் ஆறு வருட அனுபவத்துக்கு இல்லை.

சிக்கல் படிக்கிற காலத்தில் இருக்கிறது. குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்வி. நமக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பது 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், ஆக 4 மணி நேரம். கேட்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் கேள்வியைப் படித்துச் சொல்லி விடையைக் குறிப்பது இன்னொருவர். எனக்கு ஒருமுறை வந்த எழுத்தர் பாவம், கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளை. “அண்ணா, ஒரு கோடு இருக்குதுங்க. மேல மூணு. கீழ எக்ஸு, அதுக்கு மேல சின்னதா ஒரு ரெண்டு.” எக்ஸ் ஸ்கொயர் என்று எனக்குப் புரிய அரை நிமிடம். அட்டவணைக் கேள்வி என்றால் ஐந்து ஊர், நான்கு வருடம், இருபது எண்கள். அத்தனையும் மனதில் நிற்க வேண்டும். பார்வை உள்ளவன் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற இடம் அது.

படிக்கும் நோட்ஸ் இன்னும் மோசம். கோச்சிங் சென்டர்காரர்கள் அனுப்புகிற பிடிஎஃப் பாதி, போட்டோ எடுத்து ஒட்டியது. மீதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. உங்கள் கண்ணுக்கு அது ‘தமிழ்’ என்று தெரியும். என் கம்ப்யூட்டரில் திரையை வாசிக்கிற மென்பொருள் அதையே “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்று வாசிக்கும். தமிழைக் கம்ப்யூட்டர் தமிழாகவே அறிகிற யூனிகோடு எழுத்துக்கு அரசாங்கம் ஆணை போட்டது 2010இல். நம் ஊர் டைப்பிங் சென்டர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

ஆகவே பரீட்சை வழியில் முதல் சம்பளம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மூன்று வருடம் உட்கார்ந்தேன். ஒரு தேர்வில் சொற்ப மதிப்பெண்ணில் போனது. அந்த மூன்று வருடத்தில் அப்பாவிடம் ரீசார்ஜுக்குக் காசு கேட்ட ஒவ்வொரு தடவையும் நினைவிருக்கிறது.

பனியன் கம்பெனி இதற்கு நேர் எதிர். திங்கட்கிழமை சேர்ந்தேன், சனிக்கிழமை கையில் கூலி. டீ-ஷர்ட்டை மடிக்க வேண்டும், பாலிதீன் பையில் போட வேண்டும், எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். எம் எது, எல் எது என்று எப்படித் தெரியும்? பேக்கிங்கில் இருந்த ஒரு அக்கா மேசை விளிம்பில் இரண்டு ஆணி அடித்துக் கொடுத்தார். பீஸை விரித்து ஒரு பக்கத்து அக்குளை மேசை மூலையில் வைத்தால், மறுபக்கம் முதல் ஆணியோடு நின்றால் எம், இரண்டாவது ஆணியைத் தொட்டால் எல். எந்தப் பயிற்சி நிலையத்திலும் எனக்கு இவ்வளவு சுலபமாக ஒரு வேலையை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. செலவு இரண்டு ஆணி.

நிறம்தான் தகராறு. ஒரே நிற ஆர்டர் மட்டுமே எனக்குத் தருவார்கள். ஒருநாள் கருப்பும் நேவி புளூவும் கலந்துவிட்டன, முப்பது பெட்டியைத் திரும்பப் பிரித்தோம். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த இரண்டும் பார்வை உள்ளவர்களுக்கே குழம்புமாம். இருந்தாலும் பேர் என் மேல்தான் விழுந்தது. அதைவிடப் பெரிய குறை வேறு: இரண்டு வருடம் கழித்தும் அதே மேசை, அதே இரண்டு ஆணி. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பையன் செக்கிங் போனான், அங்கிருந்து சூப்பர்வைசர் ஆனான். செக்கிங் என்றாலே கண். எனக்கு மேலே ஏற அங்கே படி இல்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவதும் பேக்கிங் ஆட்களைத்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஊரே கலங்கியபோது, அந்த மேசையை நினைத்துக்கொண்டேன்.

கோவைப் பக்கம் பம்ப், கிரைண்டர் பட்டறைகளில் பாகங்களைப் பொருத்துகிற வேலை இதைவிட நன்றாக நமக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். நட்டு, வாஷர், திருகு எல்லாம் விரலுக்குத் தெரிகிறவை. ஆனால் முதலாளிகள் ஒரே கேள்வியில் நிற்கிறார்கள்: “ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா ஆருங்க பதில் சொல்றது?” தனியார் நிறுவனங்களைச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. வேலையாட்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருந்தால் அரசு ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

கடை வைப்பது, ரயிலில் பேனா விற்பது, கச்சேரியில் பாடுவது எல்லாம் தனிக் கதை. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தியபோது சீட்டு விற்றுப் பிழைத்த நம்மவர்கள் பலர் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்கள். ஸ்பெயினில் 1938இல் தொடங்கிய பார்வையற்றோர் அமைப்பே லாட்டரி நடத்துகிறது, நம் ஊரில் அந்த யோசனைக்கு இடமில்லை. பெட்டிக்கடைக்கு இப்போது ஒரு நல்ல காலம் வந்திருக்கிறது. “ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று சத்தமாகச் சொல்லும் அந்த ஸ்பீக்கர் பெட்டி, நமக்காகச் செய்ததே இல்லை, ஆனால் நம்மைப் போலப் பயன்பெற்றவர்கள் யாரும் இல்லை. ரூபாய் நோட்டைத் தடவித் தடவிப் பார்த்து ஏமாந்த காலம் போயிற்று. நோட்டே தந்தாலும் ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி சொல்லிவிடும். வீட்டு முகப்பிலேயே இடம் இருக்கிறவர்களுக்கு நல்ல வழி. வாடகை கொடுத்துச் செய்யச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இனி கம்ப்யூட்டர். இப்போது நான் இருக்கும் கட்சி இது, கொஞ்சம் சாய்ந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற என்விடிஏ என்கிற மென்பொருள் 2006இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பார்வையற்ற இளைஞர் தொடங்கி, இன்னொரு பார்வையற்ற நண்பரும் சேர்ந்து வளர்த்தது. இலவசம். தமிழும் பேசும். அதற்கு முன்னால் ஜாஸ் என்ற விலை உயர்ந்த ஒன்றுதான் கதி, அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் மௌஸ் இல்லாமல் வேர்ட், எக்செல், மெயில் எல்லாம் கைக்கு வந்துவிடும். காது பழகப் பழக வேகத்தைக் கூட்டுவோம். என் கம்ப்யூட்டர் பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேனீ ரீங்காரம் போலத்தான் கேட்கும்.

என் வேலை இணையதளங்களைச் சோதிப்பது. ஒரு கடையின் பக்கத்தைத் திறந்தேன்: “பட்டன். பட்டன். பட்டன்.” பதினேழு தடவை. அதில் ஒன்று பணம் கட்டுவது, ஒன்று ரத்து செய்வது. எது எது என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடித்து, எந்த வரியில் என்ன பெயர் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம். கண் தெரியாதது தகுதியாக எண்ணப்படுகிற ஒரே வேலை எனக்குத் தெரிந்து இதுதான். தேவையும் கூடுகிறது. ஐரோப்பாவில் இதற்கான சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இணையச் சேவைகளை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

அப்படியானால் எல்லோரும் இதற்கே வரலாமே என்றால், ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில், மீட்டிங் ஆங்கிலத்தில். கிராமத்துத் தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு கம்ப்யூட்டர் ஆறு மாதத்தில் வந்தது, ஆங்கிலம் இரண்டு வருடம் தின்றது. இன்னொன்று, எல்லாக் கம்ப்யூட்டர் வேலையும் இது மாதிரி இல்லை. கால் சென்டர் ஒன்றில் நேர்காணலில் பாஸ் செய்து, உட்காரப் போகிற நேரத்தில் “எங்க சாஃப்ட்வேர்ல உங்க வாய்ஸ் வரமாட்டேங்குது” என்று திருப்பி அனுப்பினார்கள், திரையை வாசிக்கிற குரலைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்த போன் வேலையையே இப்போது பேசும் இயந்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் பார்வையற்றவர் என்றால் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அழைப்பைத் தானே திருப்பிவிடும் பெட்டி வந்து அந்த நாற்காலி போனது. பிரம்பு நாற்காலி பின்னியவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அதே கதை.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால், நிலைப்பில் அரசு வேலைக்கு இணை இல்லை, காசு சீக்கிரம் வருவதில் திருப்பூருக்கு இணை இல்லை, மேலே போகும் படி கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்குப் போகிறவனுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், எழுத்தரை நம்பாமல் தானே படிக்க. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகும் வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நான் சொல்லும் வரிசை: முதல் ஆறு மாதம் கம்ப்யூட்டர், பிறகு எந்த வேலையோ ஒரு வேலை, பரீட்சை அதன் கூடவே. பனியன் கம்பெனியே ஆனாலும் சரி. வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவன் இரண்டாவது தடவை தோற்றாலும் உடைவதில்லை. வீட்டில் உட்கார்ந்து படித்தவன் நான் உடைந்தேன்.

பயிற்சிக்கு எங்கே போவது என்பதில் கொங்கு நாடு அவ்வளவு ஏழையும் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் சிறப்புக் கல்விக்கென்றே துறை இருக்கிறது. பி.ஏ. தமிழ் படித்த பெண்ணுக்கு பி.எட். முடித்து ஆசிரியர் ஆவதும் நல்ல யோசனை, தமிழ் சொல்லித்தரும் பார்வையற்ற ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் நிறையப் பேர். பார்வையற்றோருக்கான மத்திய அரசு நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில், ஆனால் அங்கே போய்த் தங்க வீட்டில் விடவேண்டும். பெண் பிள்ளை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

காங்கயத்துக்காரரிடம் இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். பழைய லேப்டாப் வாங்கலாமா என்றார். வாங்கலாம், விண்டோஸ் ஓடினால் போதும் என்றேன். பிறகு கேட்டேன், “பாப்பா குச்சி பிடிச்சு நடக்குமுங்களா?”

“அதெதுக்குங்க தம்பி, எங்க போனாலும் நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவனுங்க.”

காலேஜுக்கும் மூன்று வருடம் அப்படித்தான் போயிருக்கிறாள். தனியாக பஸ் ஏறியதில்லை. அப்படியென்றால் வெள்ளைக் குச்சிதான் முதலில், கம்ப்யூட்டர் அதற்கு அடுத்த வாரம். தரையில் ஊன்றினால் நெஞ்செலும்பு வரைக்கும் வர வேண்டும், உயரம் எவ்வளவு என்று கேட்டேன்.

“என்ர தோளுக்கு வருவாளுங்க.”

அரை மணி நேரமாக அவளைப் பற்றியே பேசியிருக்கிறோம். பக்கத்தில்தான் இருக்கிறாளா என்று கேட்டு, போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.