இடுப்புப் பிடிப்புக்கு ஒத்தடமா, உருட்டா, ஊசியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும், குனிந்தபடியே உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களுக்கும் இடுப்பு பிடித்துக்கொள்வது புதிதல்ல. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எது எப்போது உதவும் என்பதில்தான் வித்தியாசம்.

பிடித்த முதல் சில நாளுக்கு ஒத்தடமே மேல், செலவும் இல்லை. அரைக் கிலோ கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் இரண்டு மடிப்பாக முடிந்து, முன்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். பிறகு 15 முதல் 20 நிமிடம் ஒற்றினால் போதும். நொச்சி இலை சேர்த்தால் மணம் கூடும். தசையை இளக்குவது சூடுதான். தைலம் தேய்த்த இடத்திலும் கோயோக் (வலிநிவாரண ஒட்டு) ஒட்டிய இடத்திலும் ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் வெந்து கொப்பளித்துவிடும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குத் தோல் மரத்திருந்தால் சூடு அதிகமானது தெரியாது. வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும்.

உருட்டில், அதாவது தேய்த்து அமுக்கும் மசாஜில், கிடைக்கும் சுகம் பெரும்பாலும் சில நாள்தான். தண்டெலும்பின் இரு பக்கத் தசையைத்தான் அமுக்க வேண்டும், எலும்பை அல்ல. முதுகில் ஏறி மிதிப்பது, சொடுக்கெடுக்க வெடுக்கென்று முறுக்குவது இரண்டும் வேண்டாம். தேய்க்கும்போது வலி காலுக்கு இறங்கினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

நாள்பட்ட வலிக்கு அக்குபங்சரை, அதாவது மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சையைப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி உடற்பயிற்சி, மசாஜ், ஊசி மூன்றையும் பரிந்துரைக்கிறது. ஆனால் இங்கே பலர் நம்பிக் கட்டும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் பெக்காம் கடைசித் தேர்வாகத்தான் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மற்றவை வலியைத் தணிக்கும். திரும்ப வராமல் தடுப்பதில் உடற்பயிற்சிதான் முன்னால் நிற்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துங்கள். காலை பத்து, மாலை பத்து. தினமும் நடையும் வேண்டும். பலர் வலி குறைந்த மறுநாளே விட்டுவிடுகிறார்கள். குலை தூக்கப் போனதும் மறுபடி பிடிக்கிறது. படுத்தே கிடப்பதும் தசையைத் தளர்த்தி வலியை நீட்டிக்கும்.

ஒரே நாளில் வலி பறக்கும் என்று விற்கும் பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. டப்பாவில் மலேசிய அரசு மருந்துகளுக்குத் தரும் 'எம்.ஏ.எல்.' பதிவெண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள்.

சிறுநீர் போக முடியாமை, தொடையிடுக்கு மரத்தல், கால் தொய்தல், காய்ச்சல், கீழே விழுந்த பின் வந்த வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.