கெம்புத் தோடு: மூடின கட்டா, திறந்த கட்டா?

செட்டிநாட்டு ஆயா (பாட்டி) காலத்துத் தோட்டையும் இன்றைய தோட்டையும் திருப்பிப் பாருங்கள், வேறுபாடு முதுகில்தான். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடிக்கும்வரை நகரத்தார் அங்கே தொழில் செய்தார்கள். பர்மாக் கெம்பு, அதாவது மாணிக்கக் கல், வீடுகளுக்கு வந்த காலம் அது. கட்டு என்றால் கல்லைப் பதிக்கும் முறை. பழைய முறையான மூடின கட்டில் கல்லின் அடி முழுக்க மூடியிருக்கும். உள்ளிருக்கும் தகடு வெளிச்சத்தைத் திருப்பி, வெளிறிய கெம்பையும் சிவக்கவைக்கும். தண்ணீர் புகுந்தால் தகடு கறுக்கும், கல் செத்துப்போகும். அதனால் ஊறவைக்கவே கூடாது. உலர்ந்த மென்துணி போதும்.

திறந்த கட்டில் கல்லின் அடி திறந்திருக்கும், ஒளி ஊடுருவும். அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி 1886இல் கொண்டுவந்த ஆறு கொக்கி மோதிரமும் இந்த வகைதான். நல்ல வெட்டுள்ள வைரத்துக்கு இதுவே சரி. வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம். கொக்கி தேய்ந்தால் கல் விழும்.

பரம்பரைக் கெம்பை மட்டும் பிரித்துத் திறந்த கட்டில் வைக்காதீர்கள். தகடு போனால் அந்தச் சிவப்பும் போய்விடும்.