48 மெகாபிக்ஸல் கேமராவும் வெளிய வராத லென்ஸும்

"பாக்ஸ் பிரிச்சா எடுத்துதான் ஆகணும் சார்." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல (எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற கடைத்தெரு) ஒரு கடைப்பையன் சொன்ன இந்த ஒரு வரிக்காக நான் போட்ட சண்டைய வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சாச்சு, இனிமே கேக்க ஆள் இல்ல, அதான் இங்க எழுதுறேன்.

அம்மாவுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வேணுமாம். போன் இருக்கேம்மான்னா, மார்கழில கோலம் போட்டு முடிச்சு போட்டோ எடுக்கலாம்னு பாத்தா கையெல்லாம் மாவு, டச் ஸ்கிரீன் எங்க தொட்டாலும் வேற எங்கயோ போகுது, அதுக்குள்ள எவனாவது லோன் வேணுமான்னு போன் பண்றான், எல்லாம் தாண்டி எடுக்கப் போனா ஸ்டோரேஜ் ஃபுல்லுங்குது (சொந்தக்காரங்க அனுப்புற குட்மார்னிங் வீடியோ உபயம்). அவங்களுக்கு வேண்டியது ஒரு பட்டன், அழுத்துனா படம் விழணும், அவ்ளோதான். கோடக் கேபி10 வெச்சு, ஒரு ரோலுக்கு 36 படம்னு எண்ணி எண்ணி, குடும்பத்துல பாதிப்பேரு கல்யாணத்த எடுத்தவங்க, கேக்குறதுல என்ன தப்பு.

பட்ஜெட் பத்தாயிரத்துக்குள்ள. மவுண்ட் ரோடு பக்கம் ஏசி ஷோரூம்ல எல்லாம் மிரர்லெஸ் (லென்ஸ் மாத்திப் போடுற பெரிய ரகம்) தான், அம்பதாயிரத்துக்குக் கீழ பேச்சே இல்ல. அங்க இருந்த பொண்ணு "யூட்யூப் சேனலா சார்?"னு கேட்டுச்சு. இல்லம்மா, கோலம்னேன். சிரிக்கக்கூட இல்ல.

சரின்னு நடந்தே ரிச்சி ஸ்ட்ரீட். அந்த சந்து மட்டும் மாறவே மாறாது போல, டூவீலர், தள்ளுவண்டி, "என்னா சார் வேணும், உள்ள வாங்க சார்", தலைக்கு மேல ஒயரு. எனக்கு அது ஒரு சந்தோஷம்தான், பொய் சொல்லல. நம்ம கடைப்பையன் கேட்டவுடனே ஒரு பெட்டிய எடுத்து வெச்சான். கேள்விப்படாத ஏதோ பேரு, 48 மெகாபிக்ஸல், 4கே, 16எக்ஸ் ஜூம், நாலாயிரத்தி ஐநூறு. இந்த விலைக்கு இவ்வளவான்னு நமக்கே சந்தேகம் வரணும்ல? பிரிச்சுக் காட்டுப்பான்னேன். அப்பதான் அந்த டயலாக்.

சிங்கப்பூர்ல நான் போன கடைல எல்லாம் ஒரு பீஸ ஒயர்ல கட்டித் தொங்க விட்டிருப்பான், நீ பாட்டுக்கு நோண்டிப் பாத்துட்டு வாங்காமலே போகலாம், எவனும் ஏன்னு கேக்க மாட்டான். இங்க பொருளத் தொடறதுக்கு முன்னாடி பணத்தப் பத்திப் பேசணும். "பிரிச்சிட்டா அடுத்த கஸ்டமர் செகண்ட்ஸுன்னு சொல்வாரு சார்"ங்கறான், அது அவன் பக்கம் நியாயம்தான், அதுக்காக நான் அட்டைப்பெட்டியப் பாத்தா கேமரா வாங்க முடியும்? அரை மணி நேரம் பேசி, பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் பஞ்சாயத்துக்கு வந்து, கடைசில ஓனர் கல்லாவுலேர்ந்து தலைய ஆட்டுனாரு, சீல் கிழிஞ்சுது.

கைல எடுத்தா பொம்மை கனம். ஆன் பண்ணா லென்ஸ் அசையல. ஜூம் பட்டன அமுக்குறேன், ஸ்கிரீன்ல படம் பெருசாகுது, லென்ஸ் அப்படியே குத்துக்கல்லாட்டம் கெடக்கு. அதாவது ஜூமே கிடையாது, எடுத்த படத்த நடுவுல வெட்டிப் பெருசாக்கிக் காட்டுறான், அதுக்குப் பேரு டிஜிட்டல் ஜூம். நெஜ ஜூம்னா உள்ள கண்ணாடி நகரணும், இந்த மாதிரி சின்ன கேமராவுல பெரும்பாலும் குழாய் மாதிரி முன்னால நீளும். 48 மெகாபிக்ஸலும் அதே ரகம்தான், சின்ன சென்சார்ல (படம் பதியுற சில்லு) எடுத்தத சாஃப்ட்வேர் வெச்சு ஊதிப் பெருசாக்குறது. எதுத்த கடை போர்ட எடுத்துப் பாத்தேன், எழுத்தெல்லாம் ஈரத்துல கைபட்ட மை மாதிரி ஈஷிக் கெடந்துது. பையன் விடல: "சார், பிராண்டட் எடுத்தா 16 தான் வரும், இது 48 சார், மூணு மடங்கு சார்." என்னத்த சொல்ல. இதுல பில் வேணும்னா 18 பர்சென்ட் தனியாம். டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆகி 2019லேர்ந்து அதான் ரேட்டு, சரி, ஆனா எம்ஆர்பின்னாலே எல்லா வரியும் சேத்துதான்னு அந்தப் பெட்டியிலயே அச்சடிச்சிருக்கேப்பா! எடுத்து வெச்சுட்டு கிளம்பிட்டேன். பின்னால ஏதோ சொன்னான், காதுல வாங்கிக்கல.

அதே ஏரியாவுல ஒரு மாடிப்படி ஏறுனா ஒரு பெரியவர், கேமரா சர்வீஸ். நான் பல வருஷம் முன்னாடி அம்மாவுக்கு அனுப்புன கேனான் பைல இருந்துது, சும்மா காட்டலாமேன்னு எடுத்தேன். சின்ன டார்ச்ச சாய்ச்சு லென்ஸ்ல அடிச்சு "பாருங்க தம்பி"ன்னாரு. உள்ள கண்ணாடி மேல மெல்லிசா வெள்ளை நூல் நூலா படர்ந்திருக்கு. ஃபங்கஸ், பூஞ்சை. மெட்ராஸ் ஈரத்துக்கு, பூட்டின பீரோவுல துணிக்கு நடுவுல வெச்சா வராம என்ன செய்யும், வெளிய வெச்சு அடிக்கடி எடுத்துக்கிட்டே இருந்தா அவ்வளவா வராது, இல்ல மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்கன்னாரு. கிளீன் பண்ற காசுக்கு வேற வாங்கிடலாம், இத விடுங்கன்னு தன் வருமானத்தத் தானே கெடுத்துக்கிட்டாரு.

அப்புறம் டிராயர்லேர்ந்து ஒரு நிக்கான் கூல்பிக்ஸ் ஏ10, பழசு. 16 மெகாபிக்ஸல், 5எக்ஸ் ஜூம், ஆன் பண்ணா விர்ருன்னு லென்ஸ் வெளிய வருது! முக்கியமா ரெண்டு பென்சில் செல்லுல ஓடும். இத எல்லாரும் குறிச்சுக்கங்க, வயசானவங்களுக்கு வாங்குனா தனி பேட்டரி மாடல் வேண்டாம், அந்த பேட்டரி போச்சுன்னா தேடி அலையணும், பென்சில் செல் பொட்டிக்கடைல கிடைக்கும், ரீசார்ஜ் செல் நாலு வாங்கி வெச்சா இன்னும் லாபம். அவரே செல் போட்டு, கார்டு போட்டு, "கீழ போய் ரோட்டுல நாலு படம் எடுத்துட்டு வாங்க"ன்னு குடுத்துட்டாரு. அட்வான்ஸ் இல்ல, ஐடி இல்ல, என் பேரு கூட கேக்கல! சிங்கப்பூர்ல என்னை கடைய விட்டு ஒரு அடி வெளிய எடுத்துட்டுப் போக விடுவானா?

குறையையும் அவரே சொன்னாரு, ராத்திரில புள்ளி புள்ளியா வரும், ஃபிளாஷ் போட்டா அடுத்த படத்துக்குக் கொஞ்சம் காத்திருக்கணும். காலேஜ் பசங்க பழைய டிஜிட்டல் கேமரா கேட்டு படியேறி வர்றாங்களாம், "முன்னாடி இத கிலோ கணக்குல எடைக்குப் போட்டேன், இப்ப ரேட்டு ஏறிப்போச்சு"ன்னு அவருக்கே ஆச்சரியம். ஆறாயிரம் சொன்னாரு, ஐயாயிரத்தி எட்நூறுக்கு முடிஞ்சுது. கையால எழுதுன பில், ஒரு மாசத்துக்குள்ள ஏதாவதுன்னா கொண்டாங்கன்னு பின்னால கையெழுத்து.

அம்மா மறுநாளே கோலத்த எடுத்துட்டாங்க, நல்லா வந்திருக்கு. ஆனா ஓரத்துல ஆரஞ்சு கலர்ல தேதி எங்கடான்னாங்க. இதுல எடுக்குறதுக்கு முன்னாடியே மெனுல தேதிய ஆன் பண்ணணும்மா, எடுத்த படத்துல அப்புறமா போட முடியாதுன்னேன். அப்பன்னா வாசல்லயே தேதிய கோலமாவுல எழுதிடறேன்னுட்டு போய் எழுதிட்டாங்க.